எரிக்கவா, மட்கவிடவா? தோட்டக் கழிவு பற்றிக் கேள்வி பதில்

தென்னை, பாக்கு, காபி, கொக்கோ, முந்திரி, எண்ணெய்ப்பனை ஆகியவற்றின் கழிவு பற்றி எதையும் கேளுங்கள். கடன், மானியம், சந்தை விலை என் துறை இல்லை. கேட்கும்போது கழிவு ஈரமா காய்ந்ததா என்பதையும் சொல்லிவிடுங்கள். பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. ஈரக் கழிவை எரிக்கப் போனால் அதன் தண்ணீரை ஆவியாக்கவே வெப்பமெல்லாம் செலவாகிவிடும்.

கேள்வி: அக்கா, தென்னை நார்க்கழிவு நிறையக் கிடக்கு. அப்படியே மரத்தடியில கொட்டலாமா?

பதில்: கொட்டாதீர்கள். புதிய நார்க்கழிவில் தழைச்சத்து ஒரு பங்கு என்றால் கரிமம் நூறு பங்குக்கு மேல். அதைச் சிதைக்க வரும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்துதான் எடுக்கும். மரம் மஞ்சளடிக்கும்.

முதலில் மட்கவையுங்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் முறையே போதும். ஒரு டன் நார்க்கழிவுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் வேண்டும். நிழலில் ஓர் அடுக்கு நார்க்கழிவு பரப்பி வித்தைத் தூவுங்கள். அதன்மேல் அடுத்த அடுக்கு, அதற்கு யூரியா. இப்படி மாற்றி மாற்றி ஒரு மீட்டர் உயரம் வரை ஏற்றலாம். இதில் மரத்தைக் கெட்டியாக்கும் லிக்னின் என்ற பொருள் மிக அதிகம், சாதாரண பாக்டீரியாவால் எளிதில் உடைக்க முடியாது. காளான்தான் உடைக்கும்.

ஈரம் பார்க்க ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் இரண்டு மூன்று சொட்டு கசிந்தால் சரி, ஒழுகினால் அதிகம். இரண்டு மாதத்தில் செம்பழுப்பு நிறம் கறுத்து மண்வாசனை வரும். கரிமம், தழைச்சத்து விகிதமும் 25:1 பக்கம் இறங்கியிருக்கும்.

குவியலை அவ்வப்போது கிளறிப் பாருங்கள். 'சி' எழுத்துபோல் வளைந்த தடித்த வெள்ளைப் புழு இருந்தால் அது காண்டாமிருக வண்டின் புழு. மட்கும் குவியலில் வளர்ந்து, வண்டானதும் பறந்துபோய்த் தென்னங்குருத்தைக் குடையும். அந்தப் புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சையைக் குவியலில் கலந்துவிடுங்கள்.

கேள்வி: நாற்றுத்தட்டுக்கு நார்க்கழிவு போட்டேன், முளைச்சதும் நுனி கருகுது மேடம்.

பதில்: உப்பு. நல்ல தண்ணீரில் அலசுங்கள். பிறகு கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து மறுபடியும் அலசுங்கள். வெறும் தண்ணீரில் போகாமல் ஒட்டியிருக்கும் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் கால்சியம் வெளியே தள்ளும். உப்பு குறைந்ததா என்று மின்கடத்துத்திறன் மானியில் பார்த்த பிறகே விதை போடுங்கள்.

கேள்வி: ட்ரம்மில் சிரட்டைக்கரி சுட்டால் பாதி சாம்பலாகிவிடுகிறது. எப்போது மூடுவது?

பதில்: புகையைப் பாருங்கள். முதலில் அடர்ந்த வெள்ளைப் புகை வரும், பெரும்பாலும் ஈரம். அடுத்து மஞ்சள் கலந்து கண்ணைக் கரிக்கும். அது மெலிந்து நீலமாகும்போது காற்றுத் துளைகளை மண்ணால் அடைத்துவிடுங்கள். நீங்கள் அதைத் தாண்டி விடுகிறீர்கள், கரியே எரிகிறது. முழுக்க ஆறும் முன் திறந்தால் மறுபடி பற்றிக்கொள்ளும். கொட்டகைக்குள் சுடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளைச் சாய்த்த பிறகுதான் தெரியும்.

கேள்வி: அதே ட்ரம்மில் ஆக்டிவேட்டட் கார்பன் (தண்ணீர் வடிகட்டியில் போடும் கரி) செய்யலாமா?

பதில்: முடியாது. 800 டிகிரிக்கு மேல் கட்டுப்பாட்டோடு நீராவி செலுத்த வேண்டும். கரியாக விற்றுவிடுங்கள்.

கேள்வி: பாக்கு மட்டைத் தட்டு தொழில் தொடங்கலாமா?

பதில்: 2025 மே மாதம் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், பாக்கு மட்டைத் தட்டில் உணவு பரிமாற வேண்டாம் என்று அறிவித்தது. மட்டையில் இயல்பாக உள்ள ஆல்கலாய்டுகள் உணவில் இறங்கலாம் என்பது காரணம். ஏற்றுமதியை நம்பி எந்திரம் வாங்காதீர்கள். சூடான குழம்பை ஊற்றும் தட்டாக நான் பரிந்துரைக்க மாட்டேன். நாற்றுத் தொட்டி, பொட்டலப் பெட்டி என்று உணவு தொடாத பொருளாகச் செய்யுங்கள்.

கேள்வி: முந்திரி ஓட்டை அடுப்பில் எரிக்கலாமா?

பதில்: எண்ணெய் எடுக்காமல் எரிக்கவே கூடாது. ஓட்டுக்குள் இருக்கும் அனகார்டிக் அமிலம் தோலைக் கொப்பளிக்க வைக்கும், புகை தொண்டையை அரிக்கும். அந்த எண்ணெய்தான் ஓட்டில் விலைமதிப்புள்ள பகுதி. சூடாக்கினால் அனகார்டிக் அமிலம் கார்டனாலாக மாறும். பிரேக் லைனிங், பெயின்ட், பிசின் எல்லாவற்றுக்கும் அது போகிறது. எண்ணெய் எடுத்த சக்கையை பாய்லரில் எரியுங்கள்.

கேள்வி: எண்ணெய்ப்பனையின் வெற்றுக்குலையை (பழம் உதிர்த்த குலையை) மண்ணில் போட்டு வீணாக்குவது ஏன்? பாய்லருக்குக் கொடுத்தால் மின்சாரமாவது கிடைக்கும்.

பதில்: வீணாகவில்லை. வெற்றுக்குலையில் ஏறத்தாழ 65 சதவீதம் தண்ணீர். இளம் மரத்தைச் சுற்றிப் பரப்பினால் ஈரம் காக்கும், பொட்டாசியம் தரும். அதை வெளியே கொடுத்துவிட்டு பொட்டாஷ் உரம் வாங்கப் போகிறீர்களா?

அதே ஆள்: துண்டாக்கிப் பிழிந்தால் ஈரம் குறையும். பாய்லரில் வேலை செய்கிறவன் நான், எரித்துப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

பதில்: எரியும், மறுக்கவில்லை. நீராவியை மேலும் சூடாக்கும் உங்கள் சூப்பர்ஹீட்டர் குழாயில் கண்ணாடியாக உருகி ஒட்டியிருக்கும் சாம்பலைச் சுரண்டியிருப்பீர்களே? மண்ணுக்கு நல்லதான அந்தப் பொட்டாசியமும் அதோடுள்ள குளோரினும்தான் சாம்பலைக் குறைந்த வெப்பத்திலேயே உருகவைக்கின்றன.

இன்னொருவர்: சாம்பலைத் திருப்பித் தோட்டத்தில் போட்டால் கணக்கு நேராகிவிடுமே அக்கா?

பதில்: பொட்டாசியக் கணக்கு நேராகும். கொக்கோ ஓட்டுச் சாம்பலும் அப்படித்தான், மேற்கு ஆப்பிரிக்காவில் அதைக் காரமாக வைத்துக் கறுப்பு சோப்பே காய்ச்சுகிறார்கள். ஆனால் தழைச்சத்தும் கரிமமும் புகைபோக்கி வழியாகப் போய்விட்டன, அவற்றை எந்தச் சாம்பலும் திருப்பித் தராது.

எண்ணெய்ப்பனை ஆலையில் ஆற்றல் வேண்டுமென்றால் கழிவுநீரில் தேடுங்கள். திறந்த குட்டையில் விட்டால் மீத்தேனாகக் கிளம்பும். நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப்போல் ஏறக்குறைய 28 மடங்கு வெப்பம் பிடிக்கும். குட்டையை மூடி வாயுவைப் பிடித்தால் எஞ்சின் ஓட்டலாம். ஈரத்துக்கு மூடிய குட்டை, காய்ந்த நாருக்கும் ஓட்டுக்கும் பாய்லர், குலைக்கு மண். குலையை ஒரே அடுக்காகப் பரப்புங்கள். குவித்தால் அங்கேயும் காண்டாமிருக வண்டு வரும்.

பாய்லர்காரர்: குழாய் சுரண்டுவது உண்மைதான். ஆனாலும் தோட்டத்துக்கு எட்டாத தூரத்தில் ஆலை இருந்தால்?

பதில்: வண்டிக் கூலி கட்டாத தூரம் என்றால் நீங்கள் சொல்வதே சரி. சாம்பலை மட்டும் திருப்பி அனுப்புங்கள்.

கேள்வி: நார்க்கழிவை நேரடியாச் செடிக்குப் போடலாமா?

பதில்: முதல் பதில்.

கேள்வி: ரப்பர் விதை மாட்டுத் தீவனத்துக்கு?

பதில்: பச்சை விதையில் சயனைடு வெளியிடும் லினமரின் இருக்கிறது. கொடுக்காதீர்கள்.

கேள்வி: எரிவாயுக் கலனுக்கு மானியம் எவ்வளவு?

பதில்: வேளாண் அலுவலகத்தில் கேளுங்கள்.

கேள்வி: காபிப் பழத்தோலைச் சாண எரிவாயுக் கலனில் போட்டேன். ஒரு வாரம் நல்லா எரிஞ்சுது, அப்புறம் சுடரே பிடிக்கல.

பதில்: அறுவடை வேகத்தில் மொத்தமாகக் கொட்டியிருப்பீர்கள். தோலில் உள்ள சர்க்கரை சட்டென்று புளித்து அமிலமாகும். மீத்தேன் தரும் உயிரிகள் மெதுவானவை, அமிலத்தில் முடங்கிவிடும். வருகிற வாயு பெரும்பாலும் கரியமில வாயு, அதனால் பற்றவில்லை. தோல் போடுவதை நிறுத்துங்கள். அமிலகாரநிலை 6.5-க்குக் கீழே இருந்தால் சுண்ணாம்பு நீரைச் சிறிது சிறிதாக விடுங்கள். 7-ஐ நெருங்கிய பிறகு சாணக் கரைசலோடு தோலைக் கொஞ்சமாகத் தொடங்கி வாரவாரம் கூட்டுங்கள். மீந்த தோலை மட்கவைக்கலாம்.

எரிகிறதா என்று கலனின் வாயிலேயே தீக்குச்சி கிழிக்காதீர்கள். காற்றில் 5 முதல் 15 சதவீதம் மீத்தேன் இருந்தாலே வெடிக்கும். குழாயின் மறுமுனையில், அடுப்பில் வைத்துப் பாருங்கள்.