நாய், பூனை இதயத்துக்கு ரத்தப் பரிசோதனை: கால்நடை மருத்துவரிடம் கேட்டவை

என் நாய்க்கு ட்ரோபோனின் அதிகம் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. மாரடைப்பா டாக்டர்?

அநேகமாக இல்லை. ரத்தக்குழாய் அடைத்து வரும் மாரடைப்பு நாய்களுக்கு அபூர்வம். ட்ரோபோனின் இதயத் தசை செல்லுக்குள் இருக்கும் புரதம். செல் அடிபட்டால் ரத்தத்தில் கசியும். அடி எதனால் என்பதை அது சொல்லாது. பார்வோ வைரஸ், உண்ணிக் காய்ச்சல், வெப்பத் தாக்கு, வயிறு முறுக்கிக்கொள்வது, நெஞ்சில் பலமான அடி என்று எது வேண்டுமானாலும் இருக்கலாம். ஒரு முறை பார்த்த எண்ணை வைத்துப் பயப்படாமல், மருத்துவர் சொல்லும் இடைவெளியில் திரும்பப் பாருங்கள். காயம் நின்றிருந்தால் சில நாட்களில் இறங்கிவிடும். இறங்காமல் நின்றால் எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுக்க வேண்டும்.

என்டி-ப்ரோபிஎன்பி என்று இன்னொன்றும் எழுதியிருக்கிறார்கள். இரண்டும் ஒன்றா?

வேறு வேறு. முதலாவது தசைக் காயத்தைக் காட்டும். இது இதயச் சுவர் பாரம் தாங்காமல் இழுபடுவதைக் காட்டும். வால்வு தேய்ந்து ஒழுகும் வயதான நாய்க்கு இதுதான் அதிகம் பயன்படும்.

நள்ளிரவில் பூனைக்கு மூச்சு வாங்கியது. எக்ஸ்ரே எடுக்காமல் முதலில் ஆக்ஸிஜன் கொடுத்து, கொஞ்சம் ரத்தம் மட்டும் எடுத்தார்கள். நேரத்தை வீணடித்தார்களோ என்று இன்னும் கோபமாக இருக்கிறது.

கோபம் வேண்டாம், சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். முழங்கையை அகட்டி, கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து மூச்சு விடும் பூனையை எக்ஸ்ரே மேசையில் பக்கவாட்டில் அழுத்திப் படுக்க வைத்தால், அங்கேயே உயிர் போகலாம். அதனால் முதலில் ஆக்ஸிஜன், அமைதி. பிறகு ரத்தத்தைச் சுழற்றிப் பிரித்து, சில சொட்டுகளை என்டி-ப்ரோபிஎன்பி பார்க்கும் விரைவுக் கிட்டில் விட்டால் சுமார் 10 நிமிடத்தில் நீலப் புள்ளி தெரியும். பக்கத்தில் இருக்கும் ஒப்பீட்டுப் புள்ளியைவிட அது வெளிறியிருந்தால், மூச்சிரைப்புக்கு இதயம் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. ஆஸ்துமா பக்கம் பார்க்கலாம். அடர்ந்திருந்தால் இதயத்தின் மீது சந்தேகம் வலுக்கும். என்னைக் கேட்டால், இந்த விரைவுச் சோதனை தன் விலைக்கு வேலை செய்யும் இடம் இதுதான்.

மனிதர்களுக்கான லேபில் கொடுத்துப் பார்க்கலாமா?

ட்ரோபோனினைப் பார்க்கலாம், பாலூட்டிகளில் அதன் அமைப்பு ஏறக்குறைய ஒன்றே. ஆனால் ரிப்போர்ட்டில் அச்சாகும் 'நார்மல்' அளவு மனிதருடையது, அதைப் பார்க்காதீர்கள். என்டி-ப்ரோபிஎன்பி இனத்துக்கு இனம் மாறும், அதற்கு மனிதக் கிட் உதவாது.

என் கிரேஹவுண்டுக்கு என்டி-ப்ரோபிஎன்பி 1,200. ஓடுகிறான், சாப்பிடுகிறான், ஒரு குறையும் இல்லை.

பொதுவாக நாய்களுக்கு லிட்டருக்கு 900 பிகோமோல் வரை சரி என்பார்கள். இரைப்போடு 1,800ஐத் தாண்டினால் இதயச் செயலிழப்பை நினைப்போம். ஆனால் கிரேஹவுண்டுகளுக்கு இயல்பிலேயே கூடுதலாக இருக்கும். சிறுநீரகம் பழுதாக இருந்தாலும் ஏறும், ஆகவே கிரியேட்டினினையும் பாருங்கள். அப்புறம் ஒன்று: மாதிரியைக் குளிரில் வைக்காமல் அனுப்பினால் இந்தப் பொருள் சிதைந்து எண் பொய்யாகக் குறைந்துவிடும். குறைவாக வந்தது என்று நிம்மதியடைந்தவர்கள் இதையும் விசாரித்துக்கொள்ளலாம்.

ஆண்டுதோறும் எல்லா நாய்க்கும் செய்யலாமா?

தேவையில்லை. டாபர்மேன் போன்ற, இதயத் தசை நோய் அதிகம் வரும் இனங்களுக்குப் பேசலாம். அவற்றுக்கும் எக்கோவும் 24 மணி நேரம் இதயத்துடிப்பைப் பதியும் ஹோல்டர் கருவியும்தான் முக்கியம்.

பூனைக்கு என்டி-ப்ரோபிஎன்பி டெஸ்ட் நார்மல். இதயம் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

மிதமான, கடுமையான நோய் இருக்க வாய்ப்பு குறைவு என்று எடுத்துக்கொள்ளலாம். தசை தடிக்கும் நோயின் ஆரம்பம் இதில் தப்பிவிடும். பல பூனைகளுக்கு ஸ்டெதஸ்கோப்பிலும் இதய முணுமுணுப்பு ஓசை கேட்காது. மெயின் கூன், ராக்டால் இனப் பூனை என்றால் எக்கோ எடுத்துவிடுங்கள். மற்றபடி, தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒன்றாக வைத்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். 30ஐத் தாண்டினால் ஓரிரு மணி நேரத்தில் மறுபடி எண்ணுங்கள். அப்போதும் அதே என்றால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.