பசி எந்த ஆண்டில் தொடங்கியது?

வணக்கம். என் மருமகள் ஜெர்மன் வழிவந்தவள். அவளுடைய தாத்தா 1936இல் கொலோன் நகரில் பிறந்தவர். தகப்பன் கிழக்குப் போர்முனையில் காணாமல் போனார். 1953இல் தாயுடனும் தங்கையுடனும் கனடாவுக்கு வந்து, தச்சு வேலை செய்து, நான்கு பிள்ளைகளை ஆளாக்கினார். அவருடைய 90ஆவது பிறந்தநாளுக்கு அவர் வாழ்க்கையைச் சிறு நூலாக எழுதித் தரும்படி குடும்பத்தார் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். 'சாம்பலிலிருந்து எழுந்த மனிதர்' என்று தலைப்பு வைத்திருக்கிறேன். "போரில் பட்டினி கிடந்தோம்" என்று அடிக்கடி சொல்வார். ஆப்பிளை விதையோடு தின்பார். உருளைக்கிழங்குத் தோலை வேறு யாரும் சீவ விடமாட்டார். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் "நீங்கள் நாஜியாக இருந்தீர்களா?" என்று கேட்டுவிட்டேன். எழுந்து போய்விட்டார். ஒரு ஜெர்மானியருக்காக நாம் இரங்கலாமா? நூலை எங்கிருந்து தொடங்கலாம்?

வாசகி, ஹாமில்டன்

அன்பின் சகோதரிக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது குசினியில் ஜாம் போத்தல்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவை பக்கத்து வீட்டு ஜெர்மன் அம்மாளுடையவை. 22 ஆண்டுகள் எங்களுக்கு நடுவே ஒரு வேலிதான் இருந்தது. போன மாசியில் இறந்துபோனார். நான் பதில் எழுத உட்கார்ந்ததற்கு அவர்தான் காரணம், நீங்கள் அல்ல. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் திட்டிவிடுகிறேன். 1936இல் பிறந்தவருக்குப் போர் முடிந்த 1945 மே மாதத்தில் என்ன வயது? எட்டு, அல்லது ஒன்பது. ஹிட்லரின் சிறுவர் அணியில் சேர்க்கக்கூடப் பத்து வயதாக வேண்டும். நூல் எழுதப் போகிறவர் ஒரு கழித்தல் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டாமா? அந்தக் கேள்வி அவருடைய தகப்பனுக்கு உரியது. மகனும் வாழ்நாள் முழுவதும் தகப்பனிடம் அதைக் கேட்கக் காத்திருந்தவராக இருக்கலாம். நீங்கள் அதைக் கறித்தட்டோடு சேர்த்து அவர் முன்னால் வைத்தீர்கள்.

தலைப்பைக் கிழித்துப் போடுங்கள். சாம்பலிலிருந்து எழுவது பீனிக்ஸ் பறவை. இவர் தச்சர்.

இரங்கலாமா என்று கேட்கிறீர்கள். அனுமதிப் பத்திரம் கொடுக்க நான் என்ன அரசாங்கக் கச்சேரியா நடத்துகிறேன்?

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரே வரி: "போரில் பட்டினி கிடந்தோம்." எந்த ஆண்டில் என்று கேட்டீர்களா? கேளுங்கள். அவர் யோசிப்பார். யோசித்துவிட்டு 1946 என்பார், 1947 என்பார். அப்போது போர் முடிந்து ஓரிரு ஆண்டுகள் ஆகிவிட்டன.

இதைச் சற்று விரித்துத்தான் சொல்ல வேண்டும். முதல் உலகப் போரில், 1916-17 குளிர்காலத்தில், மாடு தின்னும் ஒருவகைக் கிழங்கைத் தின்று ஜெர்மானியர் உயிர் பிழைத்தார்கள். அந்தப் பசிதான் நாட்டைத் தோற்கடித்தது என்று நாஜிகள் நம்பினார்கள். ஆகவே அடுத்த போரில் பசியை ஏற்றுமதி செய்தார்கள். சோவியத் நாட்டின்மேல் படையெடுக்கும் முன்பே, 1941 மே 2ஆம் தேதி, அதிகாரிகள் கூடிக் குறிப்பு எழுதிவைத்தார்கள்: நமக்கு வேண்டியதை அங்கிருந்து எடுத்துக்கொண்டால் பல லட்சம் பேரல்ல, கோடிக்கணக்கானோர் பட்டினியால் சாவார்கள் என்று. தெரிந்தே எடுத்தார்கள். பிடிபட்ட சோவியத் வீரர்களில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் முகாம்களில் மாண்டார்கள், பெரும்பாலும் பசியாலும் நோயாலும். முற்றுகையிடப்பட்ட சோவியத் நகரமான லெனின்கிராட்டில் அந்த ஆண்டுக் கடைசியில் ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு 125 கிராம் பாண். அதிலும் பாதி மாவல்லாத ஏதோ. 1942இல் ஜெர்மனியில் பங்கீடு குறைந்து ஜனங்கள் முணுமுணுத்தபோது, உக்ரைன் தானியத்தையும் பிரான்சின் இறைச்சியையும் கொண்டுவந்து இலையுதிர் காலத்திலேயே அளவை உயர்த்தினார்கள். அதே செப்டம்பரில் ஜெர்மனியில் எஞ்சியிருந்த யூதர்களுக்கு இறைச்சி, முட்டை, பால் எல்லாம் நிறுத்தப்பட்டன.

கொலோன் சிறுவன் அந்த ஆண்டு மே மாதத்து இரவொன்றில் ஆயிரம் விமானங்கள் குண்டு போட்டபோது நிலவறையில் நடுங்கியிருப்பான். அது பொய்யல்ல. ஆனால் காலையில் அவனுக்குப் பாண் கிடைத்தது. அந்தப் பாணுக்கு வேறொரு சொந்தக்காரன் இருந்தான். ஆறு வயதுப் பிள்ளைமேல் இதை நான் சுமத்தவில்லை. 90 வயதுக்காரரின் நூலில் இது இல்லாவிட்டால் மட்டும் உங்களை விடமாட்டேன்.

பிறகு சூறையாட நாடுகள் இல்லாமல் போயின. பசி வீடு திரும்பியது. பங்கீட்டு அட்டையில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 1,550 கலோரி என்று போட்டிருக்கும். 1947 வசந்தத்தில், கொலோனுக்கு வடக்கே ரூர்ப் பகுதி நகரங்களில் கிடைத்தது ஆயிரத்தைத் தொடவில்லை. 1946 டிசம்பர் 31 இரவு கொலோன் கர்தினால் ஃபிரிங்ஸ் தம் பிரசங்கத்தில், உழைத்தும் இரந்தும் கிடைக்காவிட்டால் உயிர் காக்கத் தேவையானதை எடுத்துக்கொள்ளலாம் என்றார். விரைவிலேயே ஊர் அவர் பெயரை வினைச்சொல்லாக்கிவிட்டது. 'ஃபிரிங்சன்' என்றால் நிலக்கரி வண்டியில் ஏறித் திருடுவது. அந்தச் சொல்லை உங்கள் பெரியவரிடம் சொல்லிப் பாருங்கள். பத்து வயதுப் பையன்கள்தான் வண்டிமேல் ஏறினார்கள். மேசையைவிட்டு எழுந்துபோனவர் திரும்பி வந்து உட்காருவார்.

எங்கள் பக்கத்து வீட்டு அம்மாள் ஹாம்பர்க்காரர். உருளைக்கிழங்குத் தோலை, கத்தியின் நிழல் தெரிகிற மெல்லிசில் சீவுவார். 1947இல் தாயார் அந்தத் தோலைக் கழுவி அரைத்து, எண்ணெய் இல்லாமல் அடுப்புத் தகட்டில் சுட்டுத் தந்தாராம். வெற்றுப் போத்தல் ஒன்றையும் எறியமாட்டார். நானும் எறியமாட்டேன். 1990களில் யாழ்ப்பாணத்துக்கு மண்ணெண்ணெய் வராமல் தடுத்தபோது, ஜாம் போத்தலில் பஞ்சு வைத்து, துளித்துளியாக எண்ணெய் விட்டு, அந்த வெளிச்சத்தில் படித்தவன் நான். வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு பைத்தியங்கள் போத்தல் சேர்த்தோம்.

ஒருநாள் அவர் அலுமாரியைத் திறந்து லினன் மேசைவிரிப்பு ஒன்றைக் காட்டினார். மூலையில் வெள்ளை நூலில் இரண்டு எழுத்துகள் பின்னியிருந்தன. "எங்கள் வீட்டில் இந்த எழுத்துகளில் தொடங்கும் பெயர் யாருக்கும் கிடையாது" என்றார். 1943 ஜூலைக் குண்டுவீச்சுத் தீயில் வீடு எரிந்தபிறகு, தாயார் துறைமுக ஏலத்தில் மலிவாக வாங்கியது. நாடு கடத்தப்பட்ட யூதர்களின் தட்டுமுட்டுச் சாமான்கள் கப்பல் கப்பலாக வந்து அங்கே விலைபோயின. யாருடையது என்று தாயார் கேட்கவில்லை. இவரும் தாயாரைக் கேட்கவில்லை. 1952இல் கப்பலேறியபோது தாயார் பெட்டியில் வைத்துக் கொடுத்துவிட்டார். ஆண்டுக்கு இரண்டு முறை தோய்த்து இஸ்திரி போடுவார். மேசையில் விரித்ததை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

போன வாரம் அவருடைய மகன் வாசலில் பெட்டிகளை அடுக்கி, வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னார். நான் போத்தல்களை எடுத்துக்கொண்டேன். அடுத்த பெட்டியில் விரிப்பு இருந்தது, எழுத்துகள் உள்ளே மறையும்படி மடித்து. மகனுக்கு அதன் கதை தெரியுமா என்று கேட்க வாயெடுத்தேன். அவர் சுமையேற்றும் ஆட்களோடு பேசிக்கொண்டிருந்தார். வந்துவிட்டேன்.