முதலில் பேசியவர்

அன்புள்ள ஐயா,

அலுவலக மதிப்பீட்டில் இந்த வருடமும் 'வேலை நன்று, ஆனால் கூட்டங்களில் வாய் திறப்பதில்லை' என்று எழுதிவிட்டார்கள். நான் இன்ட்ரோவர்ட். பேச்சுப் பயிற்சியில் சேரலாமா? இந்தக் குறையை வைத்துக்கொண்டு மேலே வர முடியுமா?

ம.

அன்புள்ள ம.,

சேருவதென்றால் சேருங்கள், கெட்டுப்போக ஒன்றுமில்லை. ஆனால் 'இந்தக் குறை' என்று எழுதியிருக்கிறீர்களே, படித்ததும் கோபம் வந்தது. 1921இல் உளவியலாளர் கார்ல் யுங் 'இன்ட்ரோவர்ட்' என்ற சொல்லைப் பரவலாக்கியபோது, மனம் உள்ளே வெளியே என எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைத்தான் சொன்னார். அதை நோயின் பெயர்போல நீங்களே நெற்றியில் ஒட்டிக்கொண்டால் மற்றவர்களை என்ன சொல்வது?

கூட்டங்களைப் பற்றிச் சில நாட்களாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். பலர் கூடி உட்கார்ந்து தோன்றியதையெல்லாம் சொன்னால் யோசனைகள் பெருகும் என்று பரப்பியவர் விளம்பரத் துறைக்காரரான அலெக்ஸ் ஆஸ்பார்ன். 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் அதைச் சோதித்தார்கள். நால்வர் கூடி யோசித்ததைவிட, தனித்தனியே யோசித்த நால்வரின் பட்டியல்களைச் சேர்த்தபோது யோசனைகள் அதிகம். நல்ல யோசனைகளும் அதிகம். 1987இல் டீல், ஸ்ட்ரோபே என்ற இரு உளவியலாளர்கள் அதற்கு முக்கியமான காரணத்தைக் காட்டினார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பிலேயே யோசனை தடைபட்டுப் போகிறது. இவ்வளவு தெரிந்த பிறகும் அதே மேஜை, அதே கூச்சல்!

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒருவர் இருந்தார். கூட்டத்தில் குனிந்த தலை நிமிராது. ஒருமுறை புதிய திட்டம் ஒன்றைப் பற்றி இருபது நிமிடம் பேசிக் கைதட்டல் வாங்கினேன். மறுநாள் காலை என் மேஜைமேல் ஒரு தாள், அவர் கையெழுத்தில் மூன்று கேள்விகள். மூன்றாவதைப் படித்ததுமே திட்டம் நிற்காது என்று தெரிந்துவிட்டது.

"நேற்றே சொல்லியிருக்கலாமே?" என்று கத்தினேன்.

"நேற்று நீங்க நிறுத்தவே இல்லையே சார்" என்றார்.

திட்டத்தை மாற்றினோம். பாராட்டு எனக்கு வந்தது. அவருடைய மதிப்பீட்டில் அந்த வருடம் உங்களுக்கு எழுதிய அதே வரியை எழுதினார்கள். நான் அந்த அறையில்தான் இருந்தேன். பேசத் தெரிந்த நான் அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றுவரை அது உறுத்துகிறது.

சரி, உங்கள் விஷயம். என்ன பேசப்போகிறார்கள் என்று முந்தின நாளே கேட்டு வாங்குங்கள். அரைப் பக்கம் எழுதி, பெயர் போட்டு, எல்லோருக்கும் அனுப்புங்கள். அப்புறம் யாராவது அதைத் தன் யோசனையாகப் பேசினால், அப்போது மட்டும் தயவுசெய்து சும்மா இருக்காதீர்கள்.