பிள்ளைக்குப் பாகற்காய் கசந்தால் யார் பொறுப்பு?

உணவும் மரபணுவும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எனக்கு இரண்டு மகன்கள். ஒரே அடுப்பு, ஒரே சமையல். பெரியவன் முட்டைக்கோஸ் பொரியல், முள்ளங்கி சாம்பார் என்று எதை வைத்தாலும் சாப்பிட்டுவிடுகிறான். ஒன்பது வயதாகும் சின்னவனோ முட்டைக்கோஸைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்குகிறான். பாகற்காய் என்றால் தட்டையே தள்ளிவிடுகிறான். "இது உன் பிறந்த வீட்டு நாக்கு" என்கிறார் என் மாமியார். நாக்கும் வழிவழியாக வருமா? (வாசகி, திருச்சி)

பதில்: ஓரளவு வரும். ஆனால் அது உங்கள் பிறந்த வீட்டிலிருந்துதான் வந்தது என்று அடித்துச் சொல்ல உங்கள் மாமியாருக்கு ஆதாரம் கிடைக்காது.

அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனத்தின் ஆய்வகத்தில் பணிபுரிந்த ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலர், 1931ஆம் ஆண்டுவாக்கில் ஃபினைல்தயோகார்பமைடு என்ற தூளைப் பாத்திரத்தில் கொட்டும்போது அது சற்றே காற்றில் பறந்தது. உடனிருந்த சக ஆய்வாளர் வாயெல்லாம் கசக்கிறது என்று குறைபட்டுக்கொண்டார். தூளுக்கு இன்னும் அருகில் நின்ற ஃபாக்ஸுக்கோ எந்தச் சுவையும் தெரியவில்லை. இருவரும் அதை நாக்கில் வைத்துப் பார்த்துத் தர்க்கம் செய்தார்கள். பிறகு ஃபாக்ஸ் மற்றவர்களுக்கும் கொடுத்துப் பார்த்தபோது, சிலர் முகம் சுளித்தார்கள், சிலர் காகிதத்தை மெல்லுவதுபோல் மென்றார்கள். வயதோ ஆண் பெண் வேறுபாடோ இதற்குக் காரணமாகத் தெரியவில்லை. குடும்பங்களில் வழிவழியாக வருவதுதான் தெரிந்தது. கல்லூரியில் விலங்கியல் படித்தவர்களில் பலர், இந்தப் பொருள் தடவிய காகிதத் துண்டைச் செய்முறை வகுப்பில் நாக்கில் வைத்துப் பார்த்திருப்பார்கள்.

இதற்குப் பொறுப்பான மரபணு 2003ஆம் ஆண்டில்தான் பிடிபட்டது. ஏழாவது குரோமோசோமில் உள்ள அதன் பெயர் டாஸ்2ஆர்38. மனித நாக்கில் கசப்பை உணரும் ஏற்பிகள் ஏறத்தாழ இருபத்தைந்து வகை. அவற்றில் ஒன்றை உருவாக்குவது இந்த மரபணு. இதில் கசப்பைக் கூர்மையாக உணரும் வடிவம் ஒன்றும், ஏறக்குறைய உணராத வடிவம் ஒன்றும் பரவலாகக் காணப்படுகின்றன; இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு, அந்த ஏற்பிப் புரதத்தில் மூன்றே மூன்று அமினோ அமிலங்கள்தாம். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, கடுகு ஆகியவற்றின் குடும்பத்துக் காய்கறிகளில் உள்ள குளுக்கோசினோலேட் என்னும் வேதிப்பொருட்கள் இந்த ஏற்பியைத்தான் தூண்டுகின்றன. எனவே நீங்கள் இனிப்பாக இருக்கிறது என்று நினைத்துப் பரிமாறும் முட்டைக்கோஸ், சின்னவனின் நாக்கில் உண்மையாகவே வேறொரு பொருளாக இருக்கக்கூடும். அவன் பொய் சொல்லவில்லை.

இனி மாமியாரின் கணக்குக்கு வருவோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் தாயிடமிருந்து ஒரு பிரதியும் தந்தையிடமிருந்து ஒரு பிரதியும் வருகின்றன. கசப்பை உணர ஒரே ஒரு கூர்மையான பிரதி போதும்; உணராமல் இருக்க இரண்டும் மந்தமானவையாக இருக்க வேண்டும். உங்கள் கணவருக்கும் உங்களுக்கும் இரண்டு வகையிலும் ஒவ்வொன்று இருப்பதாக வைத்துக்கொண்டால், உங்கள் பிள்ளை ஒவ்வொருவனும் கசப்பு தெரியாதவனாகப் பிறக்க நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. பெரியவன் அப்படிப் பிறந்திருக்கலாம், சின்னவன் அப்படிப் பிறக்காமலிருக்கலாம். அந்தக் கூர்மையான பிரதி அவன் அப்பாவிடமிருந்தே வந்திருந்தால் அதை எந்த வீட்டுக் கணக்கில் எழுதுவது என்று நீங்கள் கேட்கலாம். கேட்பதும் கேட்காததும் உங்கள் விருப்பம்.

பாகற்காயை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதன் கசப்பு வேறு வகைச் சேர்மங்களால் வருவது. அவை தூண்டும் ஏற்பிகளும் வேறு. முட்டைக்கோஸ் கசக்காதவருக்கும் பாகற்காய் கசக்கும். மேலும், ஃபிலடெல்ஃபியாவில் உள்ள மொனெல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஜூலி மெனெல்லாவும் அவருடைய குழுவினரும் 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், இந்த மரபணுவில் கூர்மையான பிரதி ஒன்றும் மந்தமான பிரதி ஒன்றும் பெற்றவர்களை ஒப்பிட்டபோது, தாய்மார்களைவிடப் பிள்ளைகளுக்கே கசப்பு கூடுதலாகத் தெரிந்தது. வேப்பம்பூ ரசத்தைச் சிறு வயதில் வெறுத்தவர்கள் நாற்பது வயதில் கேட்டு வாங்கிச் சாப்பிடுவதை நாம் எல்லா வீடுகளிலும் பார்க்கிறோம் அல்லவா?

சமையலறையில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பாகற்காயில் உப்பைப் பிசறி வைத்துப் பிழிந்துவிட்டுச் சமைக்கும் வழக்கத்தைக் கசப்பு நீரை வெளியேற்றுவதற்காக என்றே சொல்லிவருகிறோம். ஆனால் உப்பு நாக்கிலேயே கசப்பு உணர்வை அடக்குகிறது என்பதை அதே மொனெல் மைய ஆய்வாளர்கள் 1997ஆம் ஆண்டில் காட்டினார்கள். புளியும் வெல்லமும் சேர்ந்த பிட்லையில் தொடங்குங்கள். வறுவலுக்குப் பிறகு போகலாம்.

கேள்வி: என் பேத்திக்கு நான்கு வயது. புதிய உணவு எதையும் வாயில் வைக்க மாட்டாள். மருமகள் அவளைச் சரியாகப் பழக்கவில்லை என்பது என் எண்ணம். சரிதானே? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: உங்கள் மருமகளை முதலில் விடுவித்துவிடுவோம். 2007ஆம் ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறந்த இரட்டையர்களின் 2,400 குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்துவரும் ஜெமினி என்ற ஆய்வு இருக்கிறது. எல்லா மரபணுக்களையும் பகிர்ந்துகொள்ளும் ஒரே கரு இரட்டையர்கள், பாதி மரபணுக்களைப் பகிரும் இருகரு இரட்டையர்களைவிட எந்த அளவுக்கு உணவுப் பழக்கத்தில் ஒத்திருக்கிறார்கள் என்று ஒப்பிட்டால், மரபின் பங்கைக் கணிக்கலாம். பதினாறு மாதக் குழந்தைகளிடையே உணவைத் தேர்ந்து ஒதுக்கும் குணத்தில் காணப்பட்ட வேறுபாட்டில் சுமார் 60 விழுக்காட்டுக்கு மரபணுக்களே காரணம் என்றும், மூன்று வயதுக்குமேல் அது 74 விழுக்காட்டையும் தாண்டுகிறது என்றும் இந்த ஆய்வாளர்கள் 2024ஆம் ஆண்டில் எழுதினார்கள்.

இந்த எண்ணைப் பலரும் தவறாகப் படிக்கிறார்கள். உங்கள் பேத்தியின் பிடிவாதத்தில் முக்கால் பங்கு மரபு, கால் பங்கு வளர்ப்பு என்பது இதன் பொருளன்று. பல குழந்தைகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டைப் பற்றிய கணக்கு இது. மாற்ற முடியாது என்பதும் பொருளன்று. கிட்டப்பார்வையும் பெருமளவு மரபுவழி வருவதுதான், கண்ணாடி போட்டால் எழுத்து தெரிகிறது. திட்டாமல், கெஞ்சாமல், ஒரே காயைச் சிறு துண்டாகப் பத்துப் பதினைந்து முறை தட்டில் வைத்தால் பெரும்பாலான குழந்தைகள் ஒருநாள் எடுத்துக் கடிப்பார்கள். பாட்டிமாரும் தாத்தாக்களும் மூன்றாவது முறையிலேயே பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துவிடுவதுதான் இதில் பெரிய இடையூறு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கருவுற்ற கடைசி மாதங்களில் கேரட் சாறு குடித்துவந்த தாய்மார்களின் குழந்தைகள், பின்னர் கேரட் சுவையூட்டிய கூழை மற்ற குழந்தைகளைவிடக் குறைவாகவே முகம் சுளித்து ஏற்றார்கள் என்பது மெனெல்லா 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு. பிறவிக் குணம் என்று நாம் சொல்வதில் மரபணு அல்லாததும் கருவறையிலேயே சேர்ந்துவிடுகிறது.

கேள்வி: நானும் என் தம்பியும் சேர்ந்து உட்கார்ந்தால் நான் இரண்டு தோசையோடு எழுந்துவிடுவேன், அவனுக்கு ஆறிலும் வயிறு நிறைந்ததாகத் தெரிவதில்லை. இதுவும் மரபணுவா, அடக்கமின்மையா? (வாசகர், ஈரோடு)

பதில்: "அடக்கமின்மை" என்ற சொல்லை எழுதுவதற்கு முன் 1997ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள் விவரித்த இரண்டு குழந்தைகளைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். பாகிஸ்தானிய வழிவந்த குடும்பத்தைச் சேர்ந்த அந்த இருவரில் சிறுமிக்கு எட்டு வயதில் எடை 86 கிலோ. சிறுவனுக்கு இரண்டு வயதில் 29 கிலோ. உடற்கொழுப்பு போதிய அளவு இருக்கிறது என்று மூளைக்குச் செய்தி சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் அவர்கள் உடலில் உருவாகவே இல்லை. அதற்கான மரபணு பழுதுபட்டிருந்தது. ஆகவே உண்ட பிறகும் மூளை பட்டினி என்றே எண்ணிக்கொண்டிருந்தது. லெப்டின் ஊசி போடத் தொடங்கியதும் சிறுமியின் பசி அடங்கி எடையும் இறங்கியது.

இது மிக அரிய நிலை. உங்கள் தம்பிக்கு இது இருக்காது. சாதாரண மக்களிடம் காணப்படுவது எஃப்டிஓ என்ற மரபணுவின் ஒரு வடிவம். அதன் இரண்டு பிரதிகளையும் பெற்றவர்கள், ஒன்றும் பெறாதவர்களைவிடச் சராசரியாக மூன்று கிலோ எடை கூடியவர்கள் என்று 2007ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. அது முதன்மையாக வேலை செய்வது போதும் என்ற உணர்வில்தான். மூன்று கிலோ என்பது பெரிய அளவன்று; எனினும் போதும் என்று தோன்றுவதே தாமதமாகிற ஒருவரும் சீக்கிரம் தோன்றுகிற ஒருவரும் ஒரே இலையில் ஒரே கட்டுப்பாட்டோடு உட்காரவில்லை. நான்காவது தோசைக்குப் பிறகு கல்லை அடுப்பிலிருந்து இறக்கிவிடச் சொல்லுங்கள். அடுத்தது கேட்டவுடன் வராது என்றால் அவர் வயிறு கணக்குப் பார்க்க நேரம் கிடைக்கும்.

கேள்வி: டொராண்டோவில் என்னுடன் வேலை செய்யும் சீனத் தோழி, நான் கொண்டுபோகும் கொத்தமல்லி சாதம் சோப்பு வாசனை அடிக்கிறது என்கிறாள். எனக்குப் புரியவில்லை. (வாசகி, கனடா)

பதில்: கொத்தமல்லித் தழையின் மணத்துக்குக் காரணமான ஆல்டிஹைடுகள் என்னும் வேதிப்பொருட்கள் சிலவற்றைப் போன்றவை சோப்பிலும் உண்டு. அவற்றை உணரும் ஓஆர்6ஏ2 என்ற மணஏற்பி மரபணுவுக்கு அருகிலுள்ள ஒரு மாற்றம், இந்தச் சோப்பு உணர்வோடு தொடர்புடையது என்று 2012ஆம் ஆண்டில் தெரியவந்தது, தொடர்பு மிதமானதே. உங்கள் டொராண்டோவிலேயே நடந்து அதே ஆண்டில் வெளியான கணக்கெடுப்பில், கொத்தமல்லியை வெறுப்போர் கிழக்காசிய வழியினரில் 21 விழுக்காடு, தெற்காசிய வழியினரில் 7 விழுக்காடு. நம்மிடம் அது குறைவாக இருப்பதற்கு மரபணுவைவிட, காய் வாங்கினால் கொசுறாகக் கொத்தமல்லி கொடுக்கும் ஊரில் வளர்ந்ததே பெரிய காரணம் என்பது என் கருத்து. தோழிக்குப் புளிசாதம் கொண்டுபோங்கள்.

கேள்வி: எச்சிலைப் பரிசோதித்து, "உங்கள் மரபணுவுக்கேற்ற உணவுப் பட்டியல்" தருவதாக விளம்பரம் வருகிறது. பணம் கட்டலாமா? (வாசகர், சென்னை)

பதில்: எடை குறைக்கவென்றால் வேண்டாம். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 609 பேரை ஓராண்டுக்குக் கொழுப்பு குறைந்த உணவு, மாவுச்சத்து குறைந்த உணவு என இரு பிரிவாக்கி, யாருக்கு எது பொருந்தும் என்று மரபணுக்களைக் கொண்டு கணிக்க முடியுமா எனப் பார்த்தார்கள். 2018ஆம் ஆண்டில் வெளியான முடிவு, முடியவில்லை என்பதுதான்.