விசிறி சுற்றுகிறது, உச்சி உருண்டை சுற்றவில்லையே?

கே: சில ராணுவ ஹெலிகாப்டர்களில் விசிறிக்கும் மேலே ஓர் உருண்டை இருக்கிறது. உள்ளே கேமரா என்கிறார்கள். விசிறியோடு சுற்றினால் அதற்குத் தலை கிறுகிறுக்காதா? (உச்சிப்புளி வாசகர்)

ப: சுற்றினால்தானே! வீட்டில் பழைய திருகை கிடந்தால் பாருங்கள். அடிக்கல்லின் முளை அசையாது. மேல்கல்தான் அதைச் சுற்றி ஓடும். இங்கும் அதே கதைதான். விசிறியைச் சுழற்றும் தண்டு உள்ளே பொள்ளல். அதற்குள் இன்னொரு குழாய் தனியாக மேலேறுகிறது. அமெரிக்காவின் ஓஎச்-58டி கியோவாவில் இதன் அடி கியர்பாக்ஸின் அடிப்பக்கம் இறுக்கப்பட்டிருக்கும். மேலே தண்டுக்கும் குழாய்க்கும் நடுவில் பேரிங். உருண்டை உட்கார்ந்திருப்பது இந்த அசையாக் குழாயின் தலையில். வயர்களும் அதன் வழியேதான் இறங்குகின்றன. டிவி கேமரா, வெப்பக் கேமரா, லேசர் மூன்றும் உருண்டைக்குள். வேண்டிய பக்கம் திருப்ப அதற்கென மோட்டார்கள் உண்டு.

கே: அந்தக் குலுக்கலில் படம் கலங்காதா? (மண்டபம்)

ப: பொறியாளர்களைப் பாடாய்ப் படுத்தியது இதுதான். 4 இறக்கை, நிமிடத்துக்கு ஏறத்தாழ 400 சுற்று. ஆக விநாடிக்கு 26, 27 உதறல். கேமரா ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு ஆடினால் போதும், 3 கிலோமீட்டருக்கு அப்பால் குறி 5 மீட்டர் விலகிவிடும். அதனால் உதறலை வாங்கிக்கொள்ளும் தாங்கிகளின் மேல் உருண்டையை வைத்து, மிச்ச ஆட்டத்தை உள்ளே கைரோ (ஆட்டத்தை உணரும் கருவி) கொண்டு அடக்குகிறார்கள்.

கே: இத்தனை பாடு எதற்கு? மூக்கில் வைத்தால் ஆகாதா? (கீழக்கரை)

ப: நம்மூர்ப் பனங்காட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஹெலிகாப்டர் முழுக்க மரங்களுக்குப் பின்னால் பதுங்கி நிற்க, உருண்டை மட்டும் ஓலைக்கு மேலே எட்டிப் பார்க்கும். உச்சியில் பாரமும் காற்றுத் தடையும் கூடும். பதுங்க வேண்டியவனுக்கு அது கட்டுப்படியாகும். நடுக்கடலில் மறைய பனை ஏது? கடற்படையும் கடலோரக் காவல்படையும் ஓட்டும் துருவ் மார்க்-3 ஹெலிகாப்டருக்கு ரேடார் மூக்கில்தான்.

கே: சீஹாக் ஹெலிகாப்டர் படத்தில் விசிறித் தலைமேல் நாலு கை தெரிகிறதே, அதுவும் சென்சாரா? (பாம்பன்)

ப: இல்லை. அதிர்வைத் தின்னும் எடைகள். அவை விசிறியோடு சேர்ந்தே சுற்றும்.

கே: நம் விமானப்படை அப்பாச்சிகளில் சிலவற்றுக்கு மட்டும் உருண்டை. ஏன்? (தொண்டி)

ப: அது கேமரா அல்ல, ரேடார். கழற்றி மாட்டலாம். அதில்லாமலும் அப்பாச்சி பறக்கும், சுடும். அதன் கேமராக்கள் மூக்கிலேயே இருக்கின்றன.