"புரிந்தது" என்கிறார்கள், தேர்வில் எழுதுவதோ வேறு

கடிதம்

அன்புள்ள ஆலோசகருக்கு,

பன்னிரண்டு ஆண்டுகளாகக் கணிதம் நடத்துகிறேன். எல்லாம் மேல் வகுப்புகளில். நல்ல ஆசிரியை என்ற பெயரும் உண்டு. இந்த ஆண்டு ஆறாம் வகுப்புக்கு மாற்றினார்கள். சிறு பிள்ளைகள்தானே என்று அலட்சியமாகப் போனேன். பின்னக் கூட்டல் நடத்திவிட்டு "புரிந்ததா?" என்றால், "புரிந்தது" என்று கூரை அதிரக் கத்துகிறார்கள். தேர்வில் பார்த்தால், அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டாம்! மூன்று முறை நடத்தியும் பாதிப் பேர் அதையேதான் எழுதினார்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியை பிறவி ஆசிரியர். அவருக்கு எல்லாம் தானாக வருகிறது. கடைசி வரிசைப் பிள்ளைகளிடம் நான் இப்போது கேள்வி கேட்பதே இல்லை. ஞாயிறு மாலையானால் வயிறு கலங்குகிறது. எனக்குக் கற்பிக்கவே வராதோ? வேலையை விட்டுவிடட்டுமா?

பதில்

அன்புள்ள ஆசிரியைக்கு,

வேலையை விடுவதைவிட, கடைசி வரிசையிடம் கேட்பதை நிறுத்தியதுதான் எனக்குக் கவலை தருகிறது.

1977-இல் ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் விளக்கிய 'சுயதிறன் நம்பிக்கை', பொதுவான தன்னம்பிக்கை அல்ல. இந்த வேலையை, இந்த இடத்தில், என்னால் செய்ய முடியுமா என்று ஒருவர் போடும் கணக்கு அது. அதனால் மேல் வகுப்பில் சேர்த்த நம்பிக்கை ஆறாம் வகுப்புக்கு அப்படியே கூட வராது. உங்கள் பன்னிரண்டு ஆண்டுகள் பொய்யாகிவிடவும் இல்லை.

ஆசிரியர்களின் இந்த நம்பிக்கையை அளக்க 2001-இல் வெளியான ஓர் அளவுகோல், மாணவரை ஈடுபடுத்துவது, பாடம் நடத்தும் உத்தி, வகுப்பை நடத்திச் செல்வது என்று மூன்றாகப் பிரிக்கிறது. நீங்கள் மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, "எனக்கு வராது" என்று பெயர் எழுதிவிட்டீர்கள். அவிழ்த்துப் பாருங்கள். கூரை அதிரக் கத்தும் வகுப்பில் உயிர் இருக்கிறது. இடறியது உத்தி. மேலுள்ளதை மேலோடும் கீழுள்ளதைக் கீழோடும் கூட்டுவது பிள்ளைகள் வெகுவாகச் செய்யும் பிழை. அதில் அவர்களுக்கென்று ஒரு நியாயமும் உண்டு. அதைத் தொடாமல் விதியையே நாலாவது முறை சொன்னால் அது அசையாது. "ஐந்தில் இரண்டு அரையைவிடச் சிறியது. அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரையைவிடக் குறையுமா?" என்று கேட்டுப் பாருங்கள். கடைசி வரிசையில் ஒரு பிள்ளையிடம் கேளுங்கள். கேட்டபின் வாயைத் திறக்காதீர்கள். (கணித ஆசிரியர்களுக்கு இதுதான் கடினம் என்று அறிவேன்.)

இந்த நம்பிக்கைக்கு எல்லாவற்றிலும் நல்ல உரம், தானே செய்து வென்ற அனுபவம் என்றார் பண்டூரா. கேட்பதையே நிறுத்திவிட்டால் அந்த அனுபவம் எந்த வழியாக வரும்? பிள்ளைகள் தேறமாட்டார்கள் என்ற உங்கள் எண்ணத்துக்கு, நீங்கள் கேட்காமல் விட்ட கேள்விகளே சாட்சியாகிவிடுகின்றன.

பக்கத்து வகுப்பு ஆசிரியையைப் 'பிறவி ஆசிரியர்' என்று சொல்லிவிட்டால், அவரிடம் கற்க ஒன்றுமில்லாமல் போய்விடும். அவர் வகுப்பில் ஒருநாள் போய் உட்காருங்கள். அவருக்குச் சொதப்பிய பாடம் எது என்றும் கேளுங்கள். அந்தக் கதைதான் உங்களுக்கு அதிகம் உதவும்.

உங்கள் சந்தேகம் முழுவதும் போய்விட வேண்டும் என்று நான் விரும்பவில்லை. அது இல்லாதவர் அந்த "புரிந்தது" என்ற கூச்சலை நம்பி அடுத்த பாடத்துக்குப் போயிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமைக் கலக்கம் புதிய வேலையின் பதற்றமாக இருக்கலாம். அதைத் திறமையின்மையின் அடையாளமாகப் படிக்காதீர்கள். தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால் மட்டும் மருத்துவரைப் பாருங்கள். விலகல் கடிதத்தை இந்தப் பருவம் முடியும்வரை எழுத வேண்டாம்.