அம்மா கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்

கேள்வி: எனக்கு 42 வயது. பெங்களூரு மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை. அல்சூரில் அம்மா, மனைவி, மகனோடு இருக்கிறேன். 170 செ.மீ. உயரத்துக்கு 104 கிலோ இருந்தேன். சர்க்கரை நோய் இல்லை, எல்லையில் இருக்கிறது என்கிறார்கள். அப்பா மாரடைப்பில் போனவர் என்பதால் எனக்குப் பயம் உண்டு. மருத்துவர் எடை குறைக்க மௌஞ்சாரோ ஊசி, வாரத்துக்கு ஒன்று, எழுதிக் கொடுத்தார். இப்போது 5 மி.கி. அளவில் இருக்கிறேன். ஐந்து மாதத்தில் ஒன்பது கிலோ குறைந்திருக்கிறது. மாதம் பதினாறாயிரத்துக்கு மேல் ஆகிறது. கம்பெனி இன்ஷூரன்ஸில் க்ளெய்ம் போட்டதில் நிராகரித்துவிட்டார்கள். ஒரு நாள் அட்மிட் ஆனதாகக் காட்டலாம், அல்லது சர்க்கரை என்று எழுதி வாங்கலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மனிடம் போகலாமா? இப்போதைக்குச் சமாளிக்க, அப்பா 2011இல் எடுத்த அம்மாவின் மருத்துவக் காப்பீட்டுப் பாலிசியை இந்த முறை விட்டுவிடலாம் என்று இருக்கிறேன். 58,000 ரூபாய் பிரீமியம். இம்மாதம் 3ஆம் தேதியோடு முடிந்தது. நினைவூட்டல்கள் அப்பாவின் பழைய எண்ணுக்குத்தான் வருகின்றன. அந்த போன் அம்மாவிடம் இருக்கிறது. 68 வயதாகிறது, ரத்த அழுத்த மாத்திரையும் முழங்கால் வலியும் தவிர அவருக்கு ஒன்றும் இல்லை. அவரும் கேட்கவில்லை. தேவைப்பட்டால் கம்பெனி பாலிசியில் சேர்த்துக்கொள்ளலாம். ஊசிச் செலவை எப்படித் திரும்பப் பெறுவது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பெங்களூரு

பதில்:

ஊசிச் செலவு திரும்ப வராது. உடல் பருமனுக்கும் எடைக் கட்டுப்பாட்டுக்குமான சிகிச்சை, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே வாசகமாக வகுத்துக் கொடுத்திருக்கும், பணம் கிடைக்காத விலக்குகளில் ஒன்று. அந்த விலக்கிலும் அறுவை சிகிச்சைக்கு மட்டும் ஒரு வழி விட்டிருக்கிறார்கள்: உயரத்தோடு எடையை ஒப்பிடும் உடல் நிறை குறியீடு 40 ஆகவோ அதற்கு மேலாகவோ இருக்க வேண்டும், அல்லது குறைந்தது 35 ஆக இருந்து, அதோடு இதய நோய், கடுமையான தூக்க மூச்சுத்தடை, கட்டுக்கடங்காத சர்க்கரை போன்ற ஒன்று சேர்ந்திருக்க வேண்டும். ஊசி மருந்துக்கு அந்த வழியும் கிடையாது. உங்கள் கம்பெனி தனியாகப் பேசி வெளிநோயாளிச் செலவுக்கென்று ஏதாவது தொகை வாங்கி வைத்திருக்கிறதா என்று எச்.ஆரிடம் ஒரு மின்னஞ்சலில் கேளுங்கள். இருந்தால் சில ஆயிரங்கள் கிடைக்கலாம். ஜே.பி. நகரில் இருக்கும் ஆம்புட்ஸ்மன் அலுவலகத்துக்குத் தாராளமாகப் போகலாம், கட்டணம் இல்லை. ஆனால் பாலிசியில் எழுதியிருப்பதையே நிறுவனம் செய்திருக்கும்போது அங்கே நீங்கள் எதை முறையிடுவீர்கள்?

நண்பர்களின் யோசனைகளைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. வீட்டில் போட்டுக்கொள்ளும் ஊசிக்காக மருத்துவமனையில் படுத்ததாகக் காட்டுவது மோசடி; பிடிபட்டால் க்ளெய்மோடு போகாது, வேலைக்கும் ஆபத்து வரும். சர்க்கரை என்று பொய்யாக எழுதி வாங்கினால், மருத்துவமனையில் சேர்ந்தால் மட்டுமே பணம் தரும் பாலிசி அப்போதும் பணம் தராது. ஆனால் அந்தக் காகிதம் உங்கள் பெயரில் நிலைத்து, நாளை நீங்கள் சொந்தமாகப் பாலிசி எடுக்கப் போகும்போது எதிரே வந்து நிற்கும். வராத நோயை வந்ததாக எழுதச் சொல்லி ஒரு மருத்துவரைக் கேட்பதற்கு நமக்கு வாய் கூச வேண்டும்.

உங்கள் கேள்வி இவ்வளவுதான். கடிதத்தில் நான் நின்றது வேறோர் இடத்தில். 'ரத்த அழுத்த மாத்திரையும் முழங்கால் வலியும் தவிர' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தத் 'தவிர' என்ற சொல்லை எந்தத் துணிவில் போட்டீர்கள்? 68 வயதுப் பெண்ணுக்குப் பாலிசி தேவைப்படுவது பெரும்பாலும் அந்த இரண்டுக்காகத்தான். ரத்த அழுத்தம் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் மூளைக்கும் போகிற வழி. முழங்கால் வலி, மூட்டு மாற்று அறுவைக்குப் போகிற வழி. இவை இரண்டையும் பாலிசிக்குள் கொண்டுவருவதற்கான காத்திருப்புக் காலத்தை உங்கள் தந்தை என்றோ கட்டி முடித்துவிட்டார். விண்ணப்பத்தில் ஏதோ விட்டுப்போயிற்று என்று சொல்லி நிறுவனம் கைவிரிக்க முடியாதபடி, தொடர்ந்து ஐந்து ஆண்டு கட்டினால் கிடைக்கும் பாதுகாப்பையும் (மோசடி என்று நிரூபித்தால் தவிர அதை உடைக்க முடியாது) அவரே சம்பாதித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நீங்கள் விட்டுவிட நினைப்பது 58,000 ரூபாய்ச் செலவை மட்டும் என்று எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். பதினைந்து ஆண்டுகளின் தொடர்ச்சி அதோடு சேர்ந்து போகும், அதை எந்தப் பணம் கொடுத்தாலும் திரும்ப வாங்க முடியாது.

விட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். அடுத்த ஆண்டு மனம் மாறிப் புதிய பாலிசி கேட்டுப் போவீர்கள். வயது ஒரு தடையில்லை. 65க்கு மேல் தரமாட்டோம் என்ற வரம்பை ஆணையம் 2024இல் நீக்கிவிட்டது. ஆனால் நிறுவனம் அம்மாவைப் புதிய ஆளாகத்தான் பார்க்கும்: மருத்துவப் பரிசோதனை, கூடுதல் பிரீமியம், வேண்டாம் என்று மறுக்கும் உரிமை எல்லாம் அதன் கையில். எடுத்துக்கொண்டாலும், ஏற்கெனவே இருக்கும் ரத்த அழுத்தத்துக்கு மூன்று ஆண்டு வரையிலும், கண்புரை, மூட்டு மாற்று போன்றவற்றுக்குத் தனியாக மூன்று ஆண்டு வரையிலும் காத்திருக்கச் சொல்லலாம். அதாவது, அம்மாவின் முழங்கால் 72 வயது வரை பொறுத்திருக்க வேண்டும். எழுபது நிறைந்தவர்களுக்கு மத்திய அரசு தரும் ஐந்து லட்ச ரூபாய் ஆயுஷ்மான் அட்டை இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். நல்ல திட்டம், தனியார் பாலிசி இருப்பவர்களும் வாங்கலாம், உங்கள் தாயாருக்கு வயது ஆனதும் வாங்கிக் கொடுங்கள். அதற்கு இன்னும் இரண்டு ஆண்டு இருக்கிறது.

கம்பெனி பாலிசியில் சேர்த்துக்கொள்ளலாம் என்ற வாக்கியத்தை மாதத்துக்கு நான்கு கடிதத்திலாவது படிக்கிறேன். பெற்றோரைச் சேர்ப்பதற்குப் பெரும்பாலான நிறுவனங்களில் ஆண்டுத் தொடக்கத்தில் சில வாரங்களே அவகாசம். அம்மா வழுக்கி விழுந்த அன்று எச்.ஆரிடம் போய்ச் சேர்க்க முடியாது. அப்படிச் சேர்த்தாலும் அந்தப் பாதுகாப்பு உங்கள் அடையாள அட்டையோடு கட்டப்பட்டது. மென்பொருள் நிறுவனங்கள் நிறைந்த வெளிவட்டச் சாலையில் வேலை பார்க்கும் ஒருவருக்கு, ஒரு வெள்ளிக்கிழமை மாலை அட்டை வேலை செய்யாமல் போவது எப்படியிருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. கம்பெனி பாலிசியில் அம்மாவைக் கட்டாயம் சேருங்கள், ஆனால் தந்தையின் பாலிசிக்கு மேலே ஒரு கூரையாக மட்டும்.

இப்போது தேதிக் கணக்கு. பாலிசி 3ஆம் தேதி முடிந்தது. இந்த இதழ் 22ஆம் தேதி கடைக்கு வரும். ஆண்டு பிரீமியத்துக்கு 30 நாள் சலுகைக் காலம் உண்டு. அதற்குள் கட்டினால் தொடர்ச்சி அறுபடாது. பத்தொன்பது நாளை விட்டுவிட்டீர்கள், பதினொன்று மிச்சம் இருக்கிறது. இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: இந்த இடைவெளி நாட்களில் ஏதாவது நேர்ந்தால் அதற்குப் பாலிசி பணம் தராது. பாலிசி முடிந்த மறுநாள் இரவு உங்கள் தாயார் குளியலறைக்கு எழுந்து போனபோது, பதினைந்து ஆண்டுகளில் முதல் தடவையாக, எந்தக் காப்பும் இல்லாமல் போனார். நீங்கள் ஊசி போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தீர்கள்.

கடுமையாகப் பேசுகிறேன் என்று தோன்றலாம். நீங்கள் அழகுக்காக ஊசி போடுகிறீர்கள் என்று நான் சொல்லவில்லை. குறியீடு 36, சர்க்கரை எல்லையில், தந்தைக்கு மாரடைப்பு என்றால் அது நோய்தான், மருத்துவர் எழுதிக் கொடுத்தது சரிதான். ஆனால் தந்தையின் மாரடைப்பை மறக்காத நீங்கள், அவர் ஆண்டு தவறாமல் அந்தப் பிரீமியத்தைக் கட்டியதை எப்படி மறந்தீர்கள்? 2011இல் அவர் சம்பளம் உங்கள் சம்பளத்தில் எத்தனையில் ஒரு பங்கு? என் வீட்டு வழக்கத்தைச் சொல்கிறேன், பழைய வழக்கம் என்றாலும் சரி: பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் பெரியவர்களின் பிரீமியமும் முதலில் வெளியே போகும், நம் மருந்தும் நம் வசதியும் மிச்சத்தில். மருமகளும் மகனும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம் இது. உங்கள் மனைவிக்குத் தெரியும் என்று கடிதத்தில் ஓர் எழுத்துகூட இல்லை.

பணம் எங்கிருந்து வரும் என்பீர்கள். 58,000 ரூபாய் உங்கள் ஊசியின் மூன்றரை மாதச் செலவு. இந்த ஊசி மூன்றரை மாதத்தோடு முடிகிற கதையும் இல்லை. இந்த மருந்தை 36 வாரம் போட்டுவிட்டு நிறுத்தியவர்களுக்கு, அடுத்த 52 வாரத்தில் சராசரியாக 14 சதவீதம் எடை திரும்பக் கூடியது என்று அதன் ஆய்வே காட்டியது. ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, இந்த மாதத்தை எப்படிச் சமாளிப்பது என்பதன்று. ஆண்டுக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம், மருத்துவர் அளவைக் கூட்டினால் அதற்கும் மேல், இதை என்னால் எத்தனை ஆண்டு சொந்தப் பணத்தில் கட்ட முடியும் என்பது. அம்மாவின் பிரீமியத்தை எடுத்துத்தான் ஆறாவது மாதத்தைக் கட்ட முடிகிறது என்றால், பன்னிரண்டாவது மாதத்துக்கு எதை எடுப்பீர்கள்?

இதை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். பணமில்லை என்று மருத்துவரிடம் சொல்ல வெட்கப்பட்டு, பெரிய அளவுக் குப்பியை வாங்கி இரண்டாகப் பிரிப்பவர்களையும், வாரத்தைப் பத்து நாளாக நீட்டுபவர்களையும் அறிவேன். அந்தக் குப்பி ஒரே தடவைக்கானது, திறந்து மிச்சம் வைத்தால் கிருமி சேரும். இப்போதைய 5 மி.கி. அளவிலேயே நிற்கலாமா என்று கேளுங்கள். 2025 மார்ச்சில் உங்கள் மருந்து இந்தியாவுக்கு வந்தபோது 5 மி.கி. குப்பி 4,375 ரூபாய். அதே ஆண்டு ஜூனில் வந்த வெகோவி என்ற இன்னோர் எடை குறைப்பு ஊசி, நவம்பரிலேயே விலையைக் கணிசமாகக் குறைத்தது. அதிலுள்ள செமாக்ளூட்டைடின் இந்தியக் காப்புரிமை 2026 மார்ச்சில் முடிந்துவிட்டதால், நம் நாட்டு நிறுவனங்கள் அதைத் தயாரிக்கவும் வழி திறந்திருக்கிறது. உங்கள் உடம்புக்கு அது சரிவருமா, மாற்றலாமா என்பதை மருத்துவர் சொல்லட்டும், நீங்களாக மாற்றாதீர்கள். பிரீமியத்துக்கும் இரண்டு சிறு ஆறுதல் உண்டு: தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை. பழைய வருமான வரி முறையில் இருந்தால் மூத்த பெற்றோருக்காக 50,000 ரூபாய் வரை கழித்துக்கொள்ளலாம்.

கடைசியாக, 'அவரும் கேட்கவில்லை.' நினைவூட்டல் வரும் போன் அவர் கையில் இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். முடியப் போகிறது என்று வந்திருக்கும், இன்று கடைசி நாள் என்று வந்திருக்கும், முடிந்துவிட்டது என்றும் வந்திருக்கும். கணவரின் எண்ணுக்கு வரும் செய்தியை அவர் படிக்காமல் விட்டிருப்பார் என்று நம்புகிறீர்களா? ஆங்கிலம் தெரியாவிட்டாலும் 58,000 என்ற எண்ணும் தேதியும் தெரியும். பேரனிடம் காட்டிக் கேட்டிருக்கவும் கூடும். தெரிந்தும் கேட்காமல் இருக்கிறார், ஏனென்றால் ஃப்ரிட்ஜில் இருக்கும் ஊசி என்ன விலை என்பதும் அவருக்குத் தெரியும்.

இன்றே கட்டுங்கள். அவரிடம் போய் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். பணம் கிடைத்தது என்ற செய்தியும் அந்த போனுக்குத்தான் வரும்.